ஓய்வு பெற்ற அப்பாவும் "மனசை மாத்திக்கோங்க" என்ற அறிவுரையும்

கேள்வி சுருக்கமாக இது: அப்பா வருவாய்த் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு மூன்று மாதம் கலகலப்பாக இருந்தார், கோயில் குளம் என்று போய்வந்தார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. காலையில் பேப்பரை விரித்தால் பதினொரு மணி வரை அதே பக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், பழைய ஆபீஸ் இருக்கும் தெருப் பக்கம்கூடப் போவதில்லை. அம்மா "மனசை மாத்திக்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். ஓய்வைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது நிஜமாகவே அவருடைய உடம்பையும் மனசையும் மாற்றுமா?

மாற்றும், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே மாற்றும். ஆனால் அந்த எண்ணம் அப்பாவின் தலைக்குள் தானாக முளைத்தது என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே வழி தவறிவிடும், ஏனென்றால் அதில் பாதியை வீடும் தெருவும் பழைய ஆபீஸும் சேர்ந்துதான் உருவாக்கி வைத்திருக்கின்றன. ஓய்வு பெறப் போகிறவர்களுக்கான வகுப்புகளில் பல வருஷமாகப் பேசி வருகிறேன், அவர்கள் வீட்டாரோடும் பேசியிருக்கிறேன். அதனால் ஆராய்ச்சி சொல்வதையும் நம் வீடுகளில் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில், 50 வயது தாண்டியவர்களை 1975 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தரவை யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி பிறகு எடுத்து ஆராய்ந்தார். 2002-ல் வெளியான கட்டுரையில், தன் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள் என்று காட்டினார். 2016-ல் அவரும் சக ஆய்வாளர்களும் அதே தரவில் குறிப்பாக ஓய்வைப் பற்றிய எண்ணங்களைப் பார்த்தார்கள். ஓய்வுக்காலத்தில் உடல் நன்றாக இருக்கும் என்று நம்பியவர்கள் நாலரை ஆண்டுகளும், மனம் நன்றாக இருக்கும் என்று நம்பியவர்கள் இரண்டரை ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தார்கள். "ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவன்தானே நல்லதாக நினைப்பான்?" என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. வயது, உடல்நிலை, வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இருந்தாலும் இது மாத்திரை கொடுத்துச் சோதித்துப் பார்க்கிற மாதிரியான ஆய்வு கிடையாது, ஆட்களைப் பின்தொடர்ந்து கவனித்தது மட்டும்தான். அதனால் எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று சத்தியம் செய்ய முடியாது. வலுவான தொடர்பு இருக்கிறது, அவ்வளவு சொல்லலாம்.

அந்தத் தொடர்பு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதை நம் வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஓய்வு என்றால் இறங்குமுகம்தான் என்று முடிவு கட்டிவிட்டவர் கண்ணில் புரை வளர்ந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார், காது மந்தமானால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார், முட்டி வலித்தால் நடையை நிறுத்திவிடுகிறார். காது சரியாகக் கேட்காதவர் கொஞ்ச நாளில் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போக மாட்டார், போகாதவருக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். இன்னும் இருபது வருஷம் இருக்கிறது, செய்வதற்கு வேலையும் இருக்கிறது என்று நினைக்கிறவர் அதே புரைக்கு அடுத்த மாதமே அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்துவிடுகிறார். இருவருக்கும் வந்தது ஒரே நோய். இதோடு, தன்னை வேண்டாதவனாக உணர்கிற மனசு உடம்பை எந்நேரமும் பதற்றத்தில் வைத்திருக்கிறது, அது தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் போய்த் தொடுகிறது.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். முதல் சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சரிந்தார் என்கிறீர்கள். இது புதிதல்ல. ராபர்ட் அட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களிலேயே இதை விவரித்துவிட்டார்: முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், பிறகு ஏமாற்றம், பிறகு தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்வது, அதன்பின் நிலைப்பது. எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்று அவரும் சொல்லவில்லை. 2007-ல் மோ வாங் என்ற ஆய்வாளர் அமெரிக்க ஓய்வாளர்களின் தரவைப் பார்த்தபோது சுமார் 70 சதவீதம் பேருக்கு ஓய்வுக்கு முன்னும் பின்னும் மனநலத்தில் பெரிய மாற்றமே இல்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் முதலில் சரிந்து பிறகு மெல்ல ஏறி வந்தார்கள். மிகச் சிறிய ஒரு பகுதியினர் ஓய்வுக்குப் பிறகு முன்பைவிட நன்றாக ஆனார்கள், அவர்கள் பெரும்பாலும் உடலை முறிக்கிற, மனசை அரிக்கிற வேலையிலிருந்து விடுபட்டவர்கள். இதில் ஆறுதலான சேதி, சரிந்தவர்களும் ஏறி வந்தார்கள் என்பது. எட்டாவது மாதத்தை வைத்து "அப்பா இனி இப்படித்தான்" என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் ஏன் சரிந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். வருவாய்த் துறை சாதாரண வேலை கிடையாது. ஜமாபந்தி என்கிற வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை, தேர்தல், புயல், வெள்ளம், மந்திரி வருகை என்று ராத்திரி பகல் தெரியாமல் ஓடுகிற வேலை. பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் நிற்கிற ஜனங்களுக்கு அவர் கையெழுத்துதான் எல்லாம். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், தெருவில் பார்த்தவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். ஒரு மாதத்தின் கடைசி நாள் மாலை, மாலை போட்டு, சால்வை போர்த்தி, வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் முதல் அந்த வணக்கத்தில் பாதி நின்றுவிடுகிறது. அதைவிட வலிக்கிற இடம் ஒன்று உண்டு: தான் முப்பது வருஷம் வாங்கிய மரியாதையில் எது தனக்கு வந்தது, எது நாற்காலிக்கு வந்தது என்று அவர் மனசுக்குள் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்கிறார். பழைய ஆபீஸ் பக்கம் போக மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். போய், புதிதாக வந்த பையன் "யார் சார் நீங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது.

இங்கிலாந்து அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்துவரும் ஆய்வு ஒன்று இருக்கிறது, லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் தெருவின் பெயரால் அழைப்பார்கள். அதில் 2018-ல் வந்த ஒரு முடிவு: ஓய்வுக்குப் பிறகு சொற்களை நினைவில் வைத்திருக்கும் திறன் முன்பைவிட வேகமாகக் குறைகிறது. வேலையில் இருக்கும் வரை உயர்பதவிக்காரர்களுக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது, ஓய்வுக்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பதவி பெரியதாக இருந்தது என்பதால் ஓய்வு எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பதவிதான் மூளைக்கும் மரியாதைக்கும் தீனி போட்டது என்றால், அது போகும்போது இரண்டும் சேர்ந்து பட்டினி கிடக்கின்றன.

ஆக, "ஓய்வை அவர் நல்லவிதமாகப் பார்க்கிறாரா, கெட்டவிதமாகப் பார்க்கிறாரா" என்று கேட்பது போதாது. நான் கவனித்தவரை ஆளை நிறுத்துவதும் சாய்ப்பதும் வேறொரு நம்பிக்கை: நாளைக்குக் காலையில் நான் எதற்காவது, யாருக்காவது தேவைப்படுவேனா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வைத்திருப்பவர், வேலையை விட்டதற்கு அழுதாலும்கூட சீக்கிரம் எழுந்துவிடுகிறார். "அப்பாடா, விட்டது தொல்லை" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கூட, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுகிறார். உங்கள் அப்பாவின் முதல் மூன்று மாதக் கலகலப்பு இந்த இரண்டாவது வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வு தன் விருப்பப்படி வந்ததா என்பதும் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-ஆக இருந்தது, 2020 மே மாதம் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. 58 என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அதற்குள் மகள் கல்யாணத்தையும் வீட்டுக் கடனையும் முடித்து வைத்திருந்தவர்களில் சிலருக்கு அந்தக் கூடுதல் காலம் வரமாக இருந்தது. சிலர் அதைச் சுமையாக இழுத்துக்கொண்டு போனார்கள். சட்டம் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். எதிர்பார்ப்போடு ஒத்துப்போனதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு வந்தது. உடம்பு முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கியவர்கள், கம்பெனி மூடியதால் ஐம்பது வயதில் வீட்டுக்கு வந்தவர்கள், இவர்களிடம் போய் ஓய்வை ரசியுங்கள் என்று சொல்வது கொடுமை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மனப்பான்மை பற்றிய பேச்சு பணக் கவலையை மறைக்கிற திரையாகிவிடக் கூடாது. உங்கள் அப்பாவுக்குப் பழைய ஓய்வூதியம் வரும், கடைசிச் சம்பளத்தில் பாதியும் அகவிலைப்படியும். 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், மாதம் எவ்வளவு வரும் என்ற உறுதி இல்லாத பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் வந்துவிட்டார்கள், அவர்கள் வருஷக்கணக்காகப் போராடியதே இந்தப் பயத்தினால்தான். தனியார் ஆலைகளில் உழைத்துவிட்டு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு 2014-ல் குறைந்தபட்சத் தொகை என்று நிர்ணயித்ததே மாதம் 1,000 ரூபாய். அந்த மனிதர் ஓய்வை நினைத்துக் கலங்கினால் அதை எதிர்மறைச் சிந்தனை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது சரியான கணக்கு.

ஆனால் பணம் இருக்கிற வீட்டிலும் மனப்பான்மை பணத்தைப் போய்த் தொடுகிறது. பணிக்கொடை, விடுப்பைக் காசாக்கிய தொகை, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிய தொகை என்று மொத்தமாக ஒரு பெரிய பணம் கைக்கு வருகிற அதே நேரத்தில்தான் அவர் தன்னை ஒன்றுமில்லாதவராக உணர்கிறார். "இன்னும் நான் சம்பாதிப்பேன்" என்று காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் மனை வாங்கி விற்கிறேன், மாதம் பத்து சதவீத வட்டி தருகிறார்கள் என்று இறங்கி, மொத்தத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுகிறவன் வட்டியை மட்டும் காட்டுவதில்லை, "சார், உங்க அனுபவம் எங்களுக்கு வேணும்" என்று ஒரு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுப்பான். அந்தக் கார்டுக்குத்தான் இவர் விழுகிறார். குறைந்தபட்சம் முதல் ஒரு வருஷமாவது பெரும்பகுதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மாதிரி இடத்தில் போட்டு வையுங்கள், 30 லட்சம் வரை போடலாம். மனசு நிலைக்கும் வரை எந்தப் பெரிய முடிவும் வேண்டாம்.

அடுத்து ஆட்கள். பிரிட்டனில் 2016-ல் வெளியான ஒரு ஆய்வை வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் உறுப்பினராக இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். சங்கம், சபை, விளையாட்டு மன்றம், எதுவாகவும் இருக்கலாம். ஓய்வுக்குப் பிறகும் இரண்டையும் தக்கவைத்துக்கொண்டவர்கள் அடுத்த ஆறு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம், ஒன்றை விட்டவர்களுக்கு 5, இரண்டையும் விட்டவர்களுக்கு 12. உடற்பயிற்சியை விடுவதால் வருகிற பாதிப்புக்கு ஏறக்குறைய இணையான அளவு இது. நம் ஆட்களில் பலருக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, ஆபீஸைத் தவிர வேறு குழுவே கிடையாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயரை எடுத்த அன்று இவர்களுடைய உலகம் மொத்தமாக மூடிக்கொள்கிறது. நடை போகிற இடத்துக் கூட்டம், ஓய்வூதியர் சங்கம், கோயில் உழவாரப் பணிக்குழு, பழைய பள்ளி நண்பர்கள், எதுவானாலும் சரி, அதில் இரண்டை ஓய்வுக்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை இந்த வருஷமே தொடங்கிவிடுங்கள். பிறகு தேடிப் போவது கஷ்டம், அப்போது கூச்சம் வந்து காலைக் கட்டிவிடும்.

பெண்களைப் பற்றி இதுவரை பேசவில்லை, அது தனிக் கதை. ஆசிரியையாகவோ நர்ஸாகவோ இருந்து ஓய்வு பெறுகிற அம்மாக்களுக்கு நாளைக்குத் தேவைப்படுவேனா என்ற சந்தேகமே வருவதில்லை, தேவை கழுத்தை நெரிக்கிறது. மாதக் கடைசியில் பணி நிறைவு விழா, அடுத்த வாரமே பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ பேரக்குழந்தை பார்க்கப் பயணம். கேட்டால் சந்தோஷம் என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் "ரிட்டயர் ஆனதும் சும்மா ஒரு மாசம் உட்காரணும், பாட்டு கத்துக்கணும்" என்று வருஷக்கணக்காக வைத்திருந்த ஆசையை யாரும் கேட்கவில்லை. ஓய்வை ஆவலோடு எதிர்பார்த்தவர்களே ஓய்வுக்குப் பிறகு அதிகமாகக் களைத்துப் போகிற விசித்திரம் இங்கேதான் நடக்கிறது. உங்கள் அம்மா வேலைக்குப் போகாதவராக இருந்தாலும், அப்பாவின் ஓய்வு அவருக்கும் நடந்த ஒன்று. காலை ஒன்பது முதல் ஆறு வரை அவர் கையில் இருந்த வீட்டில் இப்போது இன்னொருவர் உட்கார்ந்து குழம்பில் உப்பு பற்றியும் மின்விசிறி ஓடுவது பற்றியும் ஆணை போட்டுக்கொண்டிருக்கிறார். "மனசை மாத்திக்கோங்க" என்று அம்மா சொல்வதில் அவருடைய அலுப்பும் இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? "பாசிட்டிவா இருங்கப்பா" என்பதை நிறுத்துங்கள், அது அவருக்குத் தன் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "சும்மாதானே இருக்கீங்க, பால் வாங்கிட்டு வாங்க, கேஸ்காரன் வருவான் வீட்டில் இருங்க" என்பதையும் குறையுங்கள். வீட்டு வேலையில் பங்கெடுப்பது தப்பில்லை, எடுக்கவும் வேண்டும். ஆனால் அந்த "சும்மாதானே" என்ற சொல் ஒவ்வொரு முறையும் அவர் மனசில் ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்துக்கு முத்திரை குத்துகிறது.

அவருக்குத் தெரிந்ததை நிஜமாகவே தேவைப்படுகிற இடத்தில் கேளுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம், பாகப்பிரிவினை என்று அவர் தலையில் இருப்பது தெருவில் பத்து வீட்டுக்குத் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒரு நூலகத்திலோ ஊர் மண்டபத்திலோ உட்கார்ந்து, மனு எப்படி எழுதுவது, எந்த ஆவணம் வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லித் தரலாம். காசு வாங்காமல், பழைய செல்வாக்கைப் பயன்படுத்தாமல், தகவல் மட்டும். நாற்காலி இல்லாமலும் தன்னைத் தேடி நாலு பேர் வருகிறார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்தாலே மனசு தானாக மாறும். அப்புறம் என் ஆசை ஒன்று: நில அளவையும் வரியும் அறிந்தவர்கள் கல்வெட்டுப் படிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலம், அளவு, வரி என்று அவருக்குப் பழக்கமான சங்கதிகள்தான் நிறைந்து கிடக்கின்றன. எழுத்தைப் பழகிக்கொண்டால் போதும், மற்றவர்கள் தடுமாறுகிற இடத்தில் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

எதுவானாலும் அதற்கு நாளும் நேரமும் வேண்டும். நேரம் கிடைத்தால் போவேன் என்கிற வேலை எதுவும் ஓய்வுக்காலத்தில் நடக்காது. நேரம் மட்டுமே கிடைக்கிற வாழ்க்கையில் அதற்கு அவசரமே வராது.

கடைசியாக, எல்லாவற்றையும் மனப்பான்மை என்று தள்ளிவிடாதீர்கள். எரிச்சலும் ஒதுங்குதலும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, கூடவே தூக்கம் கெட்டு, பசி குறைந்து, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. தைராய்டு, பி12 குறைபாடு, சர்க்கரை, காது கேளாமை ஆகியவையும் இதே முகத்தோடு வரும், ரத்தப் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். மாலையில் குடி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வுக்குப் பின் சத்தமில்லாமல் கூடுவது அது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு முதலில் நீங்களே பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், வீட்டார் எப்படி அணுக வேண்டும் என்பதையும் சொல்லித் தருவார்கள்.